மூச்சடக்கியோர் வரலாறு: கொற்கைத் துறை முதல் மன்னார் வளைகுடாத் தீவுகள் வரை

நிலக்கோட்டைக்குக் கடல் அண்மையில் இல்லை. மல்லிகை மணக்கும் இம்மண்ணில் உப்புக்காற்று வீசுவதில்லை. எனினும் இவ்வட்டாரத்தின் தென்பால் ஓடும் வைகை, மதுரையைக் கடந்து, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நிரப்பி, பெருவெள்ளக் காலங்களில் பாக் நீரிணையைச் சேர்கிறது. அந்நீரிணைக்குத் தெற்கே, பாம்பனைக் கடந்தால் விரிவது மன்னார் வளைகுடா. பாண்டி நாட்டின் புகழை உரோம் வரை கொண்டு சென்ற முத்து அக்கடலில் விளைந்தது. முத்தை உலகம் அறியும். அதனை எடுக்க மூச்சடக்கி மூழ்கியவரை வரலாறு போதிய அளவு அறிந்துள்ளதா என்பதே இவண் ஆராயத்தக்கது.

இலக்கியம் கண்ட குளிப்போர்

சங்கப் புலவர்கள் முத்தை மட்டும் பாடி அமையவில்லை. அகநானூற்றுப் பாடல் ஒன்று, சுறா திரியும் கடலில் வலம்புரிச் சங்கிற்காக மூழ்கிய பரதவர் கரை திரும்புவதையும், சங்கொலி முழங்கக் கொற்கை அவர்களை எதிர்கொள்வதையும் காட்டுகிறது. ஊரே எழுந்து வரவேற்கும் அளவிற்கு அத்தொழில் அருமையும் ஆபத்தும் உடையதாக இருந்தது என்பது இதனால் புலனாகும். மதுரைக்காஞ்சியும் கொற்கையாரின் முத்து வளத்தைச் சிறப்பித்துரைக்கிறது.

இதற்கு மாறான சான்று ஒன்றும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. ஒன்று போற்றப்பட்ட பரதவரைக் காட்ட, மற்றொன்று வலிந்து இறக்கப்பட்டவரைக் காட்டுகிறது. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்திருத்தல் கூடும். 1968-69ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் நடத்திய அகழாய்வில் முத்துச்சிப்பி ஓடுகளும் அறுக்கப்பட்ட சங்குகளும் கிடைத்தன. இன்று கடலினின்று சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் அவ்வூரின் மண் இலக்கியத்திற்குச் சான்று பகர்ந்தது.

கல்லும் கயிறும்

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைக் கடலோர மக்கள் 'பார்' என வழங்குவர். அவை ஏறத்தாழ 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் அமைந்தவை. குளிப்பவர் கனத்த கல் ஒன்றைத் துணையாகக் கொண்டு விரைந்து இறங்குவார். ஒரு நிமிடத்தை ஒட்டிய பொழுதிற்குள் கைக்கெட்டிய சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். கயிற்றை அசைத்தவுடன் படகிலிருப்பவர் மேலே இழுப்பார். ஒரு நாளில் இது பன்முறை நிகழும். கயிற்றைப் பிடிப்பவர் குளிப்பவரின் மைத்துனராக இருத்தல் வேண்டும் என்று கடலோரத்தில் ஒரு கூற்று உண்டு. உடன்பிறந்தாளின் தாலி தன் கையில் உள்ளது என்பதை அறிந்தவன் கண்ணயரான் என்பது அதன் கருத்து. எழுதப்படாத பாதுகாப்பு விதியாகவே இதனைக் கொள்ளலாம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கும், கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் தரப்பட்டதாக எழுதுகிறார். மந்திரத்திற்கும் பங்கு ஒதுக்கப்பட்டமை அச்சத்தின் அளவைக் காட்டுவதாகும்.

கணக்கேடுகளில் மறைந்தோர்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இக்கடற்கரையில் ஆதிக்கம் பெற்றனர். 1530களில் பரதவர் பெருந்தொகையினராகக் கிறித்தவம் தழுவினர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. 1825இல் ஆங்கிலேயர் ஆட்சி அங்கு நிலைபெற்றது. கொடிகள் மாறினவேயன்றிக் குளிப்போர் மாறவில்லை. ஆட்சியாளர் ஏடுகளில் சிப்பிகளின் எண்ணிக்கையும், ஏலத்தொகையும், அரசின் பங்கும் விரிவாக இடம்பெற்றன. நீரில் இறங்கியவர் பெரும்பாலும் தலைக்கணக்காகவே எஞ்சினார். கொற்கை எதிர்கொண்ட மனிதரை ஏடு எண்ணாக்கியது.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே இறுதி முத்துக்குளிப்பு. அதன்பின் பார்களில் சிப்பி வளம் மீளவில்லை. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் கே. அழகர்சாமி முத்துச்சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டார்.

மூச்சுக்கருவியின் வருகை

1943இல் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் அமைத்த 'அக்வாலங்' என்னும் மூச்சுக்கருவி, முதுகில் சுமந்த காற்றைக் கொண்டு நீண்டநேரம் நீருள் உலவும் வாய்ப்பை நல்கியது. மத்தியதரைக் கடலில் பழகிய அக்கருவி 1950களின் இறுதியில் தூத்துக்குடியை அடைந்தது. எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகிய ஆய்வாளர்கள் அதனை அணிந்து முத்துப் பார்களையும் சங்குப் படுகைகளையும் நேரிற் கண்டு எழுதினர். எனினும் அவர்கள் கண்ட பார்களின் இருப்பிடமும் பெயரும் மூச்சடக்கிய மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த அறிவு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தீவுகளும் காப்பும்

அக்வாலங் பிறந்த கடலிலேயே பிரான்சு 1963இல் போர்-குரோ தீவையும் அதனைச் சூழ்ந்த நீர்ப்பரப்பையும் தேசியப் பூங்காவாக்கியது. தமிழகத்தில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, ஆனைப்பார், குருசடை, கரைச்சல்லி என்னும் பெயர்களே கடலோடிகளின் நுண்ணோக்கை உணர்த்தும். எந்தத் தீவில் குடிநீர் கிட்டும், எது உவர் என்பதைப் பெயரிலேயே பொதிந்து வைத்தனர்.

காப்பிற்குத் தேவை இருந்தது. சுண்ணாம்பிற்கெனப் பவளப்பாறைகள் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டமையால் அலையைத் தடுக்கும் அரண் சிதைந்து, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீருள் மூழ்கின. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உயர்காப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஆயினும் காப்பின் சுமை யார்மீது விழுந்தது என்னும் வினாவும் எழுகிறது. பாம்பன் வட்டாரத்துப் பெண்கள் மூச்சுக்கருவி ஏதுமின்றி, விரல்களில் துணி சுற்றித் தீவுகளைச் சூழ்ந்த நீரில் மூழ்கிக் கடற்பாசி எடுத்து வாழ்கின்றனர். பூங்கா எல்லை அவர்களுக்குத் தடைக்கோடாயிற்று. அவர்களோ மாதத்தில் சில நாள்களே பாசி எடுப்பதெனத் தாமே வரையறை செய்துகொண்டனர். தூத்துக்குடிச் சங்குகுளிப்போருள் பலர் படகிலுள்ள காற்றழுத்தியிலிருந்து நீண்ட குழாய் வழியே மூச்சுப் பெற்று, உடல்நலத்திற்கு ஊறு நேரும் என அறிந்தே ஆழம் இறங்குகின்றனர். மைத்துனன் பிடித்த கயிற்றின் இடத்தை இரப்பர்க் குழாய் பெற்றது.

கடலைக் காப்பதும் கடலறிந்தோரைக் காப்பதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. பவளம் வெளிறுவதையும் பாசி குறைவதையும் முதலில் காணும் கண்கள் அம்மக்களுடையவை. அவர்தம் சொற்களும் பார்களின் பெயர்களும் நீரோட்டக் குறிப்புகளும் முதியோரின் நினைவோடு அழியுமுன் தொகுக்கப்படல் வேண்டும். அகழாய்வும் அறிவியலும் தம் பங்கை ஆற்றியுள்ளன. தமிழாய்வு தன் பங்கை ஆற்றுதல் கடன். சங்கொலி எழுப்பி அன்று கொற்கை எதிர்கொண்டோரின் வழியினரை, நீர் சொட்டக் கரையேறும் இந்நாளிலும் எதிர்கொள்ளும் பொறுப்பு, கடல் காணாத நிலக்கோட்டைத் தமிழர்க்கும் உரியதே.