கண்டி மாவட்டத்தில் மண் பாதுகாப்பு மானியங்கள்

கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுக்கும் வேலைகளுக்காக நில உரிமையாளர்களுக்கு இலங்கை அரசு பணமாகவும் நாற்றாகவும் வழங்கும் உதவியே மண் பாதுகாப்பு மானியம். இதில் பெரும்பகுதி தனித் திட்டமாக வருவதில்லை. தேயிலை மீள்நடுகை, மிளகுச் செய்கை போன்றவற்றுக்கான பயிர் மானியத்தோடு சேர்ந்தே வருகிறது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்டபோதே மேல்மண் கரையத் தொடங்கிவிட்டது. 1869இல் கோப்பியில் துரு நோய் கண்டபின் அதே சரிவுகள் தேயிலைக்கு மாறின. விதைத் தேயிலைச் செடிகளுக்கு இடையே களையை அடியோடு சுரண்டி நிலத்தை வெறுமையாக்கும் வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. மண்ணரிப்பு பற்றி ஆராய்ந்த அரச குழு 1931இல் அறிக்கை தந்தது; மண் பாதுகாப்புச் சட்டம் வர 1951 ஆயிற்று. அரிப்புக்குள்ளாகும் பகுதிகளைப் பிரகடனம் செய்து ஒழுங்குவிதிகளை விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. 1996இல் திருத்தப்பட்ட இதனை, பேராதனையில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் இயற்கை வள முகாமைத்துவ நிலையம் நடைமுறைப்படுத்துகிறது.

1980களில் வெளியான அளவீடுகளின்படி, மத்திய மலைநாட்டில் பாதுகாப்பு வேலை எதுவுமில்லாத புகையிலை நிலம் எக்டேருக்கு ஆண்டுக்கு 70 தொன் மண்ணையும், பழைய விதைத் தேயிலை 40 தொன் மண்ணையும் இழந்தன. தண்டுத் துண்டிலிருந்து வளர்த்து நன்கு பராமரித்த பதியத் தேயிலையில் இழப்பு 0.24 தொன், பலா, கித்துள், கராம்பு, மிளகு கலந்த கண்டி வீட்டுத் தோட்டத்தில் வெறும் 0.05 தொன். கரைந்த மண் மகாவலி கங்கையில் சேர்கிறது. 1976இல் கட்டிமுடிக்கப்பட்ட பொல்கொல்ல அணைக்கட்டின் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதம் 1988க்குள் வண்டலால் தூர்ந்திருந்தது. மேட்டில் மண் நின்றால் பயன் பெறுவது ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள விக்டோரியா மின்நிலையமும் வறண்ட வலய நெல்வயல்களும்தான். அதற்கான செலவை மலையில் அரை ஏக்கர் வைத்திருப்பவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல; அரசு பணம் கொடுப்பதற்கு வலுவான காரணம் இதுவே.

தேயிலை மானியத்துக்கான சட்டம் 1958இல் வந்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகாரசபை சிறு உரிமையாளர்களைக் கவனிக்கிறது. பணம் தவணை தவணையாகத்தான் கிடைக்கும். ஒவ்வொரு கட்ட வேலையும் பார்வையிடப்பட்ட பின்பே அடுத்த தவணை. மீள்நடுகையில் முதலில் பழைய செடிகள் பிடுங்கப்படும். பிறகு சரிவுக்குக் குறுக்காகச் சமவுயரக் கான் வெட்டி, தேவையான இடங்களில் கல் அடுக்குவார்கள். கானின் அடியில் இடைவெளி விட்டு மண் தடுப்புகள் இருக்கும். மழைநீர் ஒவ்வொரு தடுப்பிலும் தேங்கி, சுமந்து வந்த மண்ணை இறக்கிவிட்டு மேலால் வழிந்து அடுத்ததற்குப் போகும். அதன்பின் குவாத்தமாலாப் புல் அல்லது மானாப் புல் நட்டு, வளர வளர வெட்டி நிலத்திலேயே பரப்புவார்கள். இதற்கு 18 மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை ஆகும். புதிய கன்று நட்டபின் கொழுந்து முறையாக வர மேலும் சில ஆண்டுகள். இத்தனை காலமும் அந்த நிலத்தில் வருமானம் இல்லை. ஒரே துண்டு நிலத்தை நம்பி வாழும் குடும்பம் மீள்நடுகைக்குத் தயங்குவது இதனால்தான். கானில் படிந்த மண்ணை அள்ளி மேல்பக்கம் போடும் வேலையோ தவணைகள் முடிந்த பின்னும் தொடர வேண்டியது.

பேராதனையைத் தலைமையகமாகக் கொண்ட ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ போன்றவற்றுக்கு நாற்றும் பணமும் தருகிறது. இது வாசனைப் பயிர் ஏற்றுமதிக்கான உதவியே. ஆனாலும் கிளிரிசிடியா மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும் அதன் கீழ் விழும் இலைச்சருகும் மழையின் வேகத்தைத் தணிப்பதால், மண்ணைக் காப்பதில் இதற்கும் கணிசமான பங்குண்டு.

நில உரிமையைக் காட்டாமல் இம்மானியங்களைப் பெறுவது கடினம். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களுக்குப் பின் கண்டிப் பகுதித் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. பலவற்றை இன்றும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களே நடத்துகின்றன. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கான் வெட்டிக் கல் அடுக்கிய மலையகத் தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குத் தாம் காத்த நிலத்தில் உரிமை இல்லை. லயம் எனப்படும் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மரக்கறி பயிரிடும் சரிவுத் துண்டுக்கும் காணி உறுதி இல்லாததால், அதில் மண் அணை கட்ட மானியம் கேட்க அவர்களுக்கு வழியில்லை.