மறுவார்ப்பின் மதிப்பு: சோழர் படிமங்களின் பிரதிகளை அளந்த அளவுகோல்கள்

1965இல் பம்பாயில் வெளிவந்த முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய நூலில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் ஒரு செய்தியைப் பதிவு செய்தார். கும்பகோணத்தை அடுத்த சிவபுரம் கோயிலில் பூசை பெற்றுவரும் நடராசர் சோழர் காலத் திருமேனி அன்று, அண்மையில் வார்க்கப்பட்ட பிரதி என்பதே அது. 1951இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த மூலத் திருமேனி, பழுது பார்ப்பதற்காக வெளியே சென்றபோது மாற்றப்பட்டிருந்தது. அது பல கைகள் மாறி 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் சேர்ந்தது. வழக்குக்கும் உடன்பாட்டுக்கும் பிறகு 1986இல் நாடு திரும்பியது.

திருட்டின் கதையாக இது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இக்கட்டுரையின் அக்கறை கோயிலில் வைக்கப்பட்ட அந்தப் பிரதியின் மேல். ஆண்டுக்கணக்கில் அபிடேகமும் அலங்காரமும் பெற்ற அதை ஊரார் ஐயுறவில்லை என்றால், அது மட்டமான வேலையாக இருந்திருக்க முடியாது. அப்படியானால் ஒரு பிரதியின் தரம் என்று எதைச் சொல்கிறோம்? கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இக்கேள்விக்கான விடை சிலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களின் ஊடே ஸ்தபதியின் கைவேலையைப் பற்றிய பேச்சு மெல்ல ஒதுங்கிப்போனது என்பதே என் வாதம்.

கோயில் மரபில் பிரதி என்ற கருத்துக்குப் பெரிய இடம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு திருமேனி சிதைந்தால் புதியது வார்க்கப்படும். பழையதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும் என்பதில்லை. தெய்வ வடிவைச் சொல்லும் தியான சுலோகமும், உடல் அளவுகளை வகுக்கும் தாளமானமும் இருந்தால் போதும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் வேலை தொடங்கும்போது, செய்யவிருக்கும் சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து ஒடியோலை செய்துகொள்கிறார்கள். முகம், மார்பு, நாபி, முழங்கால் எல்லாம் அந்த மடிப்புகளிலிருந்தே பிறக்கின்றன. உத்தம தச தாளத்தில் உயரம் 124 அங்குலப் பகுதிகளாகப் பிரியும். அந்த அங்குலம் சிலையின் உயரத்திலிருந்தே பெறப்படுவதால், உள்ளங்கை அளவுப் படிமத்துக்கும் ஆளுயரப் படிமத்துக்கும் கணக்கு ஒன்றே. இங்கே தரம் என்பது இலக்கணம் பிசகாமை. மதிப்பு, கண் திறந்து பிரதிட்டை செய்யும்போது வருவது. எந்த நூற்றாண்டில் வார்த்தது என்ற கேள்வி பூசைக்குத் தேவைப்படவில்லை.

அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது அருங்காட்சியகம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், மண்ணிலிருந்து கிடைத்த படிமங்களைச் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சேர்த்தது. 1930இல் அங்கே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டு, பரமசிவன் என்ற வேதியியலாளர் களிம்பேறிய சிலைகளை மின்பகுப்பு முறையில் மீட்டெடுத்தார். 1932இல் கிரேவ்லியும் டி.என். இராமச்சந்திரனும் தொகுத்த அட்டவணை நூல் அவற்றை வகைப்படுத்தியது. இதற்குள் நடராச வடிவம் உலகப் புகழ் பெறத் தொடங்கியிருந்தது. ஆனந்த குமாரசுவாமியின் சிவநடனக் கட்டுரை 1912இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சிற்பி ரோடான், திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களைப் பார்த்தே தம் வியப்பை எழுதினார்; அது 1921இல் அச்சானது.

புகைப்படம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்ன மூலம் என்று பெயர் சொல்லி, அதைப் போலவே வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளருக்கு வார்க்கும் காலம் வந்தபோது, ஸ்தபதியின் கையில் பெரும்பாலும் இருந்தது முன்பக்கப் படம்தான். சோழர் படிமமோ சுற்றிப் பார்ப்பதற்காகச் செய்தது. வீதியுலாவில் முதுகும் தெரியும். முதுகெலும்பின் பள்ளம், இடையாடையின் முடிச்சு, தலைக்குப் பின்னுள்ள சிரச்சக்கரம் ஆகியவற்றில் முகத்துக்குக் கொடுத்த கவனம் அத்தனையும் இருக்கும். படத்தைப் பார்த்துச் செய்த பிரதிகளில் முதலில் தளர்வது அந்தப் பின்புறம். ஆம்பூரில் தோலின் தரம் பார்ப்பவர் பளபளக்கும் மேல்முகத்தோடு நிறுத்தாமல் புரட்டி உட்பக்கத்தையும் பார்ப்பார். வெண்கலத்தையும் அப்படித்தான் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் அரசு இத்தொழிலைக் கைவினை என்ற பெயரில் அரவணைத்தது. 1952இல் அகில இந்தியக் கைவினை வாரியம், 1957இல் மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி, 1973இல் பூம்புகார் என்று நாம் அறிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. ரூத் ரீவ்ஸ் 1962இல் இந்திய மெழுகு வார்ப்பு முறைகளைப் பற்றி நூல் எழுதினார். கோயில் வேலை மட்டும் செய்துவந்த பட்டறைகளுக்கு வரவேற்பறைக்கும் ஏற்றுமதிக்கும் வார்க்கும் வேலை கிடைத்தது. அதனால் பல குடும்பங்கள் தொழிலில் நிலைத்தன. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் விலைப் பேச்சு கிலோவிலிருந்து தொடங்கும் பழக்கமும் இதனோடு வேரூன்றியது.

எடை எதையும் சொல்லாது என்று நான் கூறவில்லை. வெண்கலம் மெழுகைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அடர்த்தி உடையது. எனவே மெழுகு உருவை நிறுத்தாலே எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வழிபாட்டுக்குரிய திருமேனியைக் கனமாக வார்ப்பதே இங்குள்ள மரபு. உள்ளே கூடுவிட்டு வார்த்தது தூக்கிய உடனே தெரியும். ஆனால் எடை உலோகத்தின் கணக்கு, வேலையின் கணக்கு அன்று.

வேலையைப் பார்க்க வேண்டுமானால் வார்ப்பின் படிகளை அறிந்திருக்க வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையில் உருச் செய்து, முதல் பூச்சாகக் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். மெழுகில் விழுந்த நகக்குறியைக்கூட அந்த மண் வாங்கிக்கொள்ளும். காய்ந்தபின் அடுத்தடுத்த மண் பூச்சு, கம்பிக் கட்டு, சூடேற்றி மெழுகை வெளியேற்றுதல், உலோகம் ஊற்றுதல், ஆறியபின் அச்சை உடைத்தல். ஓர் அச்சு ஒரு சிலைக்குத்தான். சோழர் காலத்தவர் நுணுக்கங்களைப் பெரும்பாலும் மெழுகிலேயே முடித்தார்கள், வார்த்தபின் உளி கொஞ்சமே பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றைய பட்டறைகளில் நகை, ஆடை மடிப்பு, விரல் நகம் ஆகியவை வார்த்தபின் உளியாலும் அரத்தாலும் வெட்டப்படுகின்றன. இரண்டையும் கண்ணால் பிரித்தறியலாம். மெழுகில் பிறந்த கோடு ஓரம் மழுங்கி உடலோடு இழைந்திருக்கும். உளியில் பிறந்தது கூர்மையாகத் தனித்து நிற்கும். உளிவேலையைக் குறையென்று நான் கருதவில்லை. உளி, மெழுகில் இல்லாத உயிர்ப்பைப் பின்னர் சேர்க்க முயலும்போதுதான் சிலை விறைத்துப்போகிறது.

மூலத்தின் மேலேயே அச்செடுத்து வார்ப்பது இன்னொரு வழி. இதைக் காட்டிக்கொடுப்பது அளவுதான். உலோகம் உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்குவதால், ஒரு மீட்டர் மூலத்திலிருந்து எடுத்த வார்ப்பு 98 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். மெழுகின் சுருக்கமும் சேர்ந்தால் இன்னும் குறையும். நுணுக்கமும் ஒருபடி மங்கும். மற்றொன்றும் நேர்கிறது. நூற்றாண்டுகளின் அபிடேகத்தில் தேய்ந்த மூக்கும் இதழும் அந்தத் தேய்மானத்தோடே நகலாகின்றன. வழிபட்ட கைகள் தேய்த்ததைப் புதுச் சிலை தன் முகமாக அணிந்துகொள்கிறது. ஒடியோலை கொண்டு புதிதாகச் செய்த ஒரு சுவாமிமலைப் படிமத்தை, அச்செடுத்த துல்லிய நகலைவிட உயர்வாக நான் மதிப்பது இதனால்தான்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டைக் கடந்த படிமம் தொல்பொருள். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே புதுச் சிலை கப்பலேற, அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழ் தேவைப்பட்டது. பிரதிக்குக் கிடைத்த இந்த அடையாளமே கடத்தலுக்கு மறைப்பாகவும் ஆனது: பழைய திருமேனிகள் புதுக் கைவினைப் பொருள் என்ற பெயரில் வெளியேறின. அவற்றுள் ஒன்றான ஶ்ரீபுரந்தான் கோயில் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014இல் அது திரும்பி வந்தது. மூலம் புதிதென்று சொல்லப்பட்டது போலவே, புதியது பழையதென்றும் விற்கப்படுகிறது. அமிலம் தடவி, மண்ணில் புதைத்துப் பச்சை ஏற்றிய சிலைகள் இதற்காகவே உருவாகின்றன.

இங்கே ஆய்வகம் உதவியது. சாரதா சீனிவாசன் 1990களில் தென்னிந்தியப் படிமங்களின் ஈய ஐசோடோப்புகளையும் நுண்தனிமங்களையும் அளந்து, காலப்பகுப்புக்கு ஓர் உலோகவியல் அடிப்படை தந்தார். சோழர் படிமங்கள் பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த செம்பு. இன்றைய பட்டறைகளில் செம்போடு பித்தளை சேர்வதால் துத்தநாகம் தலைகாட்டும். இயற்கையான களிம்பு உலோகத் துகள்களின் எல்லைகள் ஊடே உள்ளே இறங்கி, பச்சைக்குக் கீழே செந்நிறப் படலம் விட்டிருக்கும். செயற்கைக் களிம்பு மேலே மட்டும் நிற்கும். புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்த புதுச் சிலையின் பொன்னிறத்தில் மறைக்க எதுவும் இல்லை. பழமைப் பூச்சு ஏற்றியதற்கு அதிக விலை கொடுப்பவர், தாம் வாங்கும் வேலையின் முகத்தை மறைப்பதற்கே காசு கொடுக்கிறார்.

இதற்கிடையே சுவாமிமலை வெண்கலப் படிமங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2023இல் தில்லி பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட நடராசர், சுவாமிமலை இராதாகிருஷ்ணன் ஸ்தபதியும் குழுவினரும் ஏழு மாதத்தில் அட்டதாது என்ற எட்டு உலோகக் கலவையில் வார்த்தது. 27 அடி உயரம், 18 டன் எடை. சிதம்பரம், கோனேரிராசபுரம், தஞ்சை வடிவங்களை முன்னோடியாகக் கொண்டது என்று வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. செய்தவர் பெயரும் முன்னோடியின் பெயரும் தெரிந்திருப்பதால், அதை அவற்றோடு ஒப்பிட்டுப் பாராட்டவும் குறை சொல்லவும் நமக்கு இடம் இருக்கிறது.

சிறிய படிமங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. புவிசார் குறியீடு ஊரைச் சொல்கிறது. எந்த மூலத்தை ஒட்டிச் செய்தது, ஒடியோலையிலா அச்சிலா, கனமா கூடா, மெழுகு வேலை யாருடையது என்பவற்றைச் சொல்வதில்லை. பிரான்சில் 1981 மார்ச் 3ஆம் நாளின் அரசாணை, மறுவார்ப்பின் மேல் அது பிரதி என்று அழியாதவாறு பொறிக்க வேண்டும் என்கிறது. நம் ஸ்தபதிகள் பத்ம பீடத்தின் அடியில் பெயரும் ஆண்டும் மூலத்தின் ஊரும் மெழுகிலேயே எழுதி வார்க்கலாம். உலோகத்தோடு உறைந்த எழுத்தைச் சுரண்டி எடுத்தால் வடு நிற்கும். கூட்டுறவுச் சங்கங்களும் பூம்புகாரும் இதைக் கொள்முதல் விதியாகவே வைக்க முடியும். மெழுகு உரு முடியும் நாளில் ஸ்தபதிக்கு அது அரைமணி நேர வேலை.