பேய்ச்சுரையும் பேய்வீடும்



2024ஆம் ஆண்டில் தீபாவளித் திருநாளும் மேலைநாட்டாரின் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31இல் வந்தன. அந்த மாதத் தொடக்கத்தில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, இணையத்தில் கண்ட படமொன்றை அச்சிட்டு வந்து என் மேசைமேல் வைத்தாள். காய்ந்த சுரைக்காயில் வாயிலும் சாளரங்களும் வெட்டி, வளைந்த காம்பையே கூரை முகடாக விட்டு, கருப்பும் செம்மஞ்சளும் பூசி, உள்ளே ஒரு சிறு விளக்கை வைத்திருந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் குட்டிப் பேய்வீடு. “டீச்சர், கலைக்கல்விப் பாடத்தில் நாமும் இதைச் செய்யலாமா?” என்று கேட்டாள். செய்யலாம் என்றேன்.

அன்றிரவே பெற்றோர் புலனக் குழுவில் எதிர்ப்பு எழுந்துவிட்டது. தீபாவளி நேரத்தில் பிள்ளைகள் பேய்வீடு செய்வதா என்று ஒருவர் கேட்டார். வெள்ளைக்காரன் பேய்க்குத் தமிழ்ப்பள்ளியில் என்ன வேலை என்று மற்றொருவர் எழுதினார். அவர்களின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நம் பிள்ளைகளின் கையிலிருந்து நம்முடையது ஒவ்வொன்றாக நழுவிப் போகிறதே என்னும் கவலை எனக்கும் உண்டு. ஆயினும், அன்று புலனத்தில் நான்கு வரியில் சொல்ல இயலாத மறுமொழியை இங்கே சற்று விரிவாகவே எழுத விழைகிறேன்.

முதலில் அந்த அயல்நாட்டுப் பேயைப் பார்ப்போம். ஹாலோவீனின் வேர் அயர்லாந்தில் உள்ளது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் அங்கே சவ்வின் என்னும் பழந்திருநாள் கொண்டாடப்பட்டது. அவ்விரவில் இறந்தோரின் ஆவிகள் உலவும் என்று மக்கள் நம்பினர். பிற்காலத்தில் அங்குள்ள சிற்றூர்களில் டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து, கோர முகம் செதுக்கி, உள்ளே நெருப்பிட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அயர்லாந்து மக்கள், அங்கே எளிதாய்க் கிடைத்த பெரிய பரங்கிக்காய்க்கு மாறினர். இன்று நாம் பேரங்காடிகளில் காணும் செம்மஞ்சள் முகம் அவ்வாறு பிறந்ததுதான்.

இங்கே ஒரு சிறு வேடிக்கை உண்டு. அமெரிக்க மண்ணின் காயான அது கடல் கடந்து நம் முன்னோரின் அடுப்படிக்கு வந்தபோது, ‘பரங்கியர்’ கொண்டுவந்த காய் என்பதனால் பரங்கிக்காய் என்றே பெயர் பெற்றது. பொங்கலன்று அதைக் குழம்பில் இடுகிறோம். அதன் பெயரிலேயே அயலான் அமர்ந்திருக்கிறான், ஆனால் எந்தப் பெற்றோரும் அதற்காகப் புலனத்தில் சண்டையிட்டதில்லை!

கோர முகமும் நமக்குப் புதிதன்று. தமிழகத்தில் புதுவீடு கட்டுவோர் பூசணிக்காயில் உருட்டு விழியும் கோரைப்பல்லுமாய் அரக்கன் முகம் எழுதித் தொங்கவிடுவதைக் கண்டிருப்பீர்கள். கண்ணேறு கழிப்பதற்கான ஏற்பாடு அது. அஞ்சத்தக்க முகத்தைக் காட்டி அஞ்சத்தக்கதை விரட்டுவது என்னும் எண்ணம் அயர்லாந்துக் குடியானவனுக்கும் நம் கொத்தனாருக்கும் பொதுவாய் இருக்கிறது. இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதாக நான் சொல்ல வரவில்லை. அச்சம் எங்கும் ஒன்றுதான், கையில் கிடைக்கும் காய்தான் வேறு.

இனிச் சுரைக்காய்க்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதைப் பற்றித்தான்.

மனிதனின் முதற்கலம்

அறிவியலார் லாகெனாரியா சிசெராரியா என்றழைக்கும் சுரையின் தாயகம் ஆப்பிரிக்கா. மனிதன் பயிரிட்ட மிகப் பழைய செடிகளுள் இதுவும் ஒன்று. மட்பாண்டம் வனையக் கற்பதற்கு முன்பே பல நாட்டு மக்கள் சுரைக்குடுக்கையில் நீர் சுமந்தனர். கிழக்காசியாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே சுரை இருந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கொடி பெருங்கடலுக்கு அப்பால் எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பது நெடுநாள் புதிர். ஆசியாவிலிருந்து குடிபெயர்ந்த மக்களே கையோடு கொண்டு சென்றனர் என்று 2005இல் வெளியான மரபணு ஆய்வு கூறியது. 2014இல் வந்த விரிவான ஆய்வு அதனை மறுத்தது. அமெரிக்காவின் பழஞ்சுரைகள் ஆப்பிரிக்கச் சுரைக்கே நெருங்கிய உறவு என்றும், அவை அட்லாண்டிக் கடலில் தாமே மிதந்து சென்றிருக்க வேண்டும் என்றும் அது காட்டியது. மிதந்தால் விதை அழியாதா? 1950களிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உப்புநீரில் 224 நாள் மிதந்த சுரைக்காயின் விதைகள் அதன் பின்னும் முளைத்தன. ஓட்டின் வன்மையை எண்ணிப் பாருங்கள்.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கடற்கரையில் உவாக்கா பிரியெட்டா என்னும் தொல்மேட்டை 1946இல் ஜூனியஸ் பேர்டு என்னும் ஆய்வாளர் அகழ்ந்தார். அங்கே கிடைத்த பொருள்களுள் முகம் பொறித்த சிறு சுரைக்குடுக்கைகளும் இருந்தன. அவற்றின் அகவை ஏறத்தாழ 4,000 ஆண்டுகள். ஆக, காய்ந்த காயில் முகம் வரைவது ஹாலோவீனைவிட மிகப் பழைய கலை. பெருவில் உவாங்காயோ நகரை அடுத்த கோச்சாஸ் சிற்றூர்களில் சுரையின்மேல் நுண்ணிய சித்திரங்களைச் செதுக்குவோர் இன்றும் இருக்கின்றனர்.

சுரையை வீடாக்குவதும் புதிதன்று. வட அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா, சிக்கசா மக்கள் சுரையைக் குடைந்து, வாயில் வெட்டி, கம்பங்களில் தொங்கவிட்டனர். பர்ப்பிள் மார்ட்டின் என்னும் ஒருவகைத் தகைவிலான் குருவி அதில் குடியேறியது. இன்று அக்கண்டத்தின் கிழக்குப் பகுதியில் அந்தக் குருவியினம் ஏறக்குறைய முழுவதும் மனிதர் அமைத்துத் தரும் கூடுகளையே நம்பி வாழ்கிறது. மாணவி கொண்டுவந்த பேய்வீட்டின் உண்மையான பாட்டன் அந்தக் குருவிவீடு என்றே எனக்குப் படுகிறது.

பேய்ச்சுரை

நம்மவர் சுரையை அறிந்த அளவு இவர்களுக்குச் சற்றும் குறைந்ததன்று. கறிக்கு ஆகாத கசப்புச் சுரைக்குத் தமிழில் பெயரே பேய்ச்சுரை. பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கொம்மட்டி என்று இந்தக் குடும்பமே பெரிது. காட்டில் தானாய் வளர்வது, கசப்பது, உண்ணத் தகாதது ஆகியவற்றுக்குப் ‘பேய்’ என்னும் அடையைச் சேர்த்தனர். அப்பெயர் வெறும் அச்சத்தில் எழுந்ததன்று, பட்டறிவில் எழுந்தது. சுரையின் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருள். கசந்த சுரைச்சாற்றைக் குடித்தோர் கடுமையாக நோயுற்றதும், உயிரிழந்ததும் உண்டு. சாறு கசந்தால் குடிக்கவே கூடாதென்று 2012இல் இந்திய மருத்துவ ஆய்வாளர் குழுவின் அறிக்கை எச்சரித்தது. சுரைச்சாறு உடலுக்கு நல்லதெனக் காலையில் அரைத்துக் குடிக்கும் பெற்றோர்கள் முதலில் ஒரு துளியை நாவில் இட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

கறிக்கு உதவாத இந்தச் சுரையே கலத்துக்கு உகந்தது. மராட்டிய மாநிலம் பண்டரிபுரம் பகுதியில் இசைக்கருவிக்கென்றே கசப்புச் சுரை பயிரிடப்படுகிறது. மிரஜ் நகரத்துச் சித்தார், தம்புராக்களின் குடம் அதுவே. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று வகுப்பில் பழமொழி நடத்துகிறோம். கறிக்கு உதவாத சுரைக்காய் பாட்டுக்கு உதவும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். பலாமரத்தில் குடைந்த பெரிய குடம் ஒருபுறம். தண்டின் மறுமுனையில், வாசிப்பவரின் தொடைமேல் அமரும் சிறு குடம் மறுபுறம். அதற்குச் சுரைக்காய் என்றே பெயர். ஒருகாலத்தில் உண்மையான சுரைதான். இன்று பெரும்பாலும் காகிதக்கூழிலும் நாரிழையிலும் செய்கின்றனர், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வீணை இது. பாம்பாட்டியின் மகுடியும் சுரைக்குடுக்கையே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இந்தியாவில் அத்தொழில் தளர்ந்தது. பாம்பின் நலனுக்கு அது நல்லதே. ஆனால் மகுடி செய்யத் தெரிந்த கைகளும் உடன் குறைந்துபோயின.

சிற்றூர்களில் விதை காப்பதற்குச் சுரைக்குடுக்கையைவிட நல்ல பெட்டகம் இருந்ததில்லை. கிணற்றில் நீந்தப் பழகும் சிறுவரின் முதுகில் காய்ந்த சுரையைக் கட்டிவிடுவர். நடு இந்தியாவின் பஸ்தர் பகுதிப் பழங்குடியினர் தும்பா எனப்படும் சுரைக்குடுக்கையில் நீரும் கஞ்சியும் கொண்டு செல்வர். சூடேற்றிய கத்தியால் அதன்மேல் கோலமிடுவர். அண்மைக் காலமாக அதிலே நுண்துளைகள் இட்டு விளக்குகளாகவும் செய்து விற்கின்றனர். சுவரெங்கும் ஒளிப்புள்ளிகள் சிதறும் அந்த விளக்கைத் தீபாவளிக்கு ஏற்றினால் யார் மறுக்கப் போகிறார்கள்?

நம் மலேசியத் திருநாட்டிலும் சுரை பலரின் சொத்து. சபாவின் கடசான்டூசுன் மக்கள் வாசிக்கும் சொம்போத்தோன், காய்ந்த சுரையில் எட்டு மூங்கில் குழல்களைச் செருகிய கருவி. சரவாக் ஈபான் மக்களின் எங்கெருராய் அதன் உறவு. கோலகங்சாரில் வனையப்படும் கரிய மண்கூசாவான லாபு சாயோங், மண்ணால் ஆயினும் வடிவத்தாலும் பெயராலும் சுரையே. சீன அண்டைவீட்டார் நற்பேற்றுக்காகச் சுரைக்குடுக்கையைத் தொங்கவிடுவதையும் காணலாம்.

பண்டார் தெங்காராவில்

எங்கள் ஊர் திட்டமிட்டு எழுப்பிய ஊர். கெஜோரா எனப்படும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் 1972இல் அமைந்தபின் காடு திருத்தி உருவான நகரங்களுள் ஒன்று. சுற்றிலும் செம்பனை. தோட்டங்களிலிருந்து இவ்வூருக்கு வந்த குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றியபோது, அடுப்படி உத்தரத்தில் தொங்கிய கரிபிடித்த குடுக்கையை யார் நினைத்து ஏற்றியிருப்பார்? எனக்கும் அது தோன்றவில்லை, அடுத்து நடந்ததைக் காணும் வரையில்.

காலைச் சந்தையில் வாங்கிய ஆறு சுரைக்காய்களை வகுப்பறைப் பின்புறம் நிழலில் வைத்தோம். பத்து நாளில் நான்கு அழுகி நீர் ஒழுகின. வகுப்பறை நாறியது. இணையத்தில் கண்ட குறிப்புகளை நான் ஒழுங்காகப் படித்திருந்தேன் என்பதே வெட்கம். பேத்தியை அழைத்துச் செல்ல வந்த மூதாட்டி ஒருவர் வாயிலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

“இது கறிக்குப் பறிச்ச பிஞ்சு டீச்சர். அழுவாம என்ன செய்யும்? காம்பு காஞ்சு, கொடியே செத்த பெறவு எடுக்கணும்.”

“எவ்வளவு நாள் காய வைக்கணும் பாட்டி?”

“தட்டுனா விதை உள்ள சலசலக்கணும். அதுதான் நாளு.”

மறுநாள் அவர் ஒரு குடுக்கையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். தோட்டத்து லயத்தில் அவருடைய மாமியார் விதை போட்டு வைத்திருந்ததாம். பழுப்பேறி, தேய்ந்து மெருகேறியிருந்தது. வாயை அடைத்திருந்தது துணித்தக்கை. உள்ளே வெண்டை விதையும் சுரை விதையும். அவர் சொன்ன முறையை அப்படியே குறித்துக்கொண்டேன். காயைக் கொடியிலேயே முற்றவிட வேண்டும். காம்போடு அறுத்து, மழைபடாத, காற்றோடும் இடத்தில், ஒன்றோடொன்று உரசாமல் தொங்கவிட வேண்டும். மேலே பூஞ்சணம் பூத்தால் அஞ்ச வேண்டா, ஓடு மெத்தென்று குழிந்தால்தான் எறிய வேண்டும். காய்ந்தபின் நீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் மேல்தோல் உரியும். நம் ஈரக்காற்றில் இதற்கு மூன்று மாதத்திற்குக் குறையாது, ஆறு மாதமும் ஆகும். குடைபவர் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வது நலம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. மாணவர் கையில் அரத்தை மட்டும் கொடுத்து, அறுப்பதை ஆசிரியர் செய்யலாம். உள்ளே மெழுகுவத்தி வேண்டா, மின்கல விளக்கே போதும்.

இம்முறையைத் தம் பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை என்றார் பாட்டி. அவரும் கொடி போட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு டர்னிப் முகம் உண்டு. டோனகல் மாவட்டத்தின் பின்டவுன் என்னும் சிற்றூரில் பணியாற்றிய பள்ளி ஆசிரியை ஒருவர் 1943இல் அதனைக் கொடுத்தார். இவ்வகை விளக்கை இப்போது யாரும் செய்வதில்லை, நினைவில் மட்டுமே இருக்கிறது, ஆகவே அனுப்புகிறேன் என்பது அவர் சொன்ன காரணம். வந்து சேர்ந்த கிழங்கோ சுருங்கி உதிரும் நிலையில் இருந்தது. எனவே அருங்காட்சியகத்தார் அதற்குச் சுண்ணச்சாந்தில் ஒரு படி எடுத்து வைத்தனர். உலகெங்கும் ஹாலோவீன் கட்டுரைகளில் நாம் காணும் அந்த இளித்த முகம் அந்தப் படியே. இதைப் படித்த நாளில் வெகுநேரம் அந்த ஆசிரியையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாட்டி தந்த விதைகளில் பன்னிரண்டை 2025இல் பள்ளி வேலியோரம் ஊன்றினோம். ஏழு முளைத்தன. நான்கைக் கோழி கிளறிவிட்டது. எஞ்சிய மூன்று கொடிகளில் ஐந்து காய் முற்றின, அவற்றுள் இரண்டு தட்டினால் சலசலத்தன. ஒன்றில் அந்த மாணவி சாளரம் வரைந்தாள். பேய்வீடா என்று கேட்டேன். கூரையும் திண்ணையும் அடுப்படியுமாய் ஒரு லயத்து வீடு, பாட்டி சொன்ன அடையாளத்தோடு. அடுப்படிச் சாளரத்துக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, நூலில் கட்டிய ஒரு குட்டிச் சுரைக்குடுக்கையும், அதன் பக்கத்தில் இரு வெள்ளைக் கண்களும். “அது அந்த வீட்டுப் பேய் டீச்சர். விதையைக் காவல் காக்குது” என்றாள்.

மற்றொன்றை அறுக்கவில்லை. காம்பருகே சிறு துளையிட்டு விதையை மட்டும் எடுத்து, மீண்டும் உள்ளேயே போட்டு, துணித்தக்கையால் அடைத்து, கலைக்கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். விதை வேண்டும் பெற்றோர்கள் பள்ளி முடிந்ததும் வந்து பெற்றுக்கொள்ளலாம்.