முற்றும் எச்சமும்: ஆங்கில வாக்கியம் நம் வகுப்பறைக்கு வந்த கதை



"டீச்சர், வீட்டில் தமிழே பேசுவதால்தான் பிள்ளைக்கு ஆங்கில வாக்கியம் ஒழுங்காக அமையவில்லையோ?" என்று பெற்றோர் கேட்பது எனக்குப் பழகிய ஒன்று. செடெனாக் வட்டாரத்தில் இக்கேள்வி இப்போது கூடுதலாகவே எழுகிறது. செம்பனைத் தோட்டங்களை அடுத்துத் தரவு மையங்கள் எழும்பி வருகின்றன. அங்கு வேலை கிடைக்க ஆங்கிலம் வேண்டும் என்னும் கவலை பெற்றோருக்கு இருப்பது இயல்பே. ஆயினும் தமிழைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் வாக்கியத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம்.

சிம்பிள் சென்டென்ஸ், காம்பவுண்ட் சென்டென்ஸ் என்னும் பிரிவு ஆங்கில மொழியோடு உடன்பிறந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அதைப் பரப்பியவை பள்ளிப் பாடநூல்களே. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது லிண்ட்லி மர்ரே 1795ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில இலக்கணம். மர்ரே அமெரிக்காவில் பிறந்து நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்தவர்; பின்னர் இங்கிலாந்தில் யார்க் நகருக்கு அருகே குடியேறினார். அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதால் எழுதிய நூல் அது. பல பத்து இலட்சம் படிகள் விற்றது. ஆசிரியர்கள் கேட்டு எழுதப்பட்ட நூல் இத்தனை தூரம் பரவியது எனக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி!

மர்ரே வாக்கியத்தை இரண்டாக மட்டுமே பிரித்தார். ஓர் எழுவாயும் ஒரு முற்றுவினையும் இருப்பது தனி வாக்கியம். அத்தகைய வாக்கியங்கள் இரண்டோ பலவோ இணைந்தது கூட்டு வாக்கியம். நாம் இன்று கலவை வாக்கியம் என்பதும் அவருக்குக் கூட்டு வாக்கியத்துள் அடக்கம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1852இல், ஜே. டி. மோரெல் என்னும் பள்ளி ஆய்வாளர் வாக்கியப் பகுப்பாய்வு நூல் ஒன்றை எழுதினார். கார்ல் பெக்கர் என்ற செருமானிய இலக்கண அறிஞரின் வழியைப் பின்பற்றிய அந்நூலில் மூன்று வகைகள் உள்ளன. பின்வந்த பாடநூல்களில் அந்த மூன்றே நிலைத்தன. தமிழ் இலக்கணப் பாடநூல்களிலும் இப்பகுப்பு ஆங்கிலக் கல்வியின் வழியே நுழைந்தது. தமிழ்நாட்டு நூல்கள் 'தொடர் வாக்கியம்' என்பதை நாம் இங்கே 'கூட்டு வாக்கியம்' என்கிறோம்; பெயர்தான் வேறு.

அப்படியானால் தமிழில் வாக்கியத்தைப் பற்றிய சிந்தனை அதற்குமுன் இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு இடத்திலிருந்து தொடங்கியது. வாக்கியம் எத்தனை வகை என்பதைவிட, வினை முடிந்ததா, எஞ்சி நிற்கிறதா என்பதே நம் இலக்கணிகளுக்கு முதன்மையாக இருந்தது. முடிந்தால் முற்று, எஞ்சினால் எச்சம்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வினையியலில், ஆங்கில வகுப்புக்கே உதவும் இரண்டு விதிகள் இருக்கின்றன. எச்சங்கள் எத்தனை அடுக்கி வந்தாலும், இறுதியில் வரும் வினை முடிய, அனைத்தும் முடியும் என்பது ஒன்று. 'செய்து' முதலான சில எச்சங்கள் அவ்வெச்சத்தின் எழுவாய்க்குரிய வினையைக் கொண்டே முடியும் என்பது மற்றொன்று. 'செய' போன்ற பிறவற்றுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. 'மழை பெய்து வெள்ளம் வந்தது' போன்ற வழக்குகளை உரையாசிரியர்கள் தனியே எடுத்து விளக்க வேண்டியிருந்ததே அவ்விதியின் வலிமையைக் காட்டும்.

இனி ஒரு சொற்றொடரைப் பார்ப்போம். 'அப்பா எழுந்து, தேநீர் குடித்து, வேலைக்குப் போனார்.' எச்சம் இரண்டு, முற்று ஒன்று. எழுந்து, குடித்து என்பவற்றின் இறுதியே அவற்றை அடுத்த வினையோடு பிணைத்துவிடுகிறது. இணைப்புச் சொல் எதுவும் தேவையில்லை. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகள் இணைப்புச் சொற்களைவிட வினையெச்சங்களையே விரும்புவதை அவற்றின் சிறப்பியல்புகளுள் ஒன்றாக எடுத்துக் காட்டுகிறார்.

இதையே நம் மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது, 'ஃபாதர் வோக் அப், டிரேங்க் டீ, வென்ட் டு வொர்க்' என்று வருகிறது. 'அண்ட்' இல்லை. பிள்ளை சோம்பலால் அதை விடவில்லை. தமிழில் அந்த வேலையை எச்ச விகுதி செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த மூன்று வினைகளுமே முற்றுகள். ஒன்றையொன்று பற்றிக்கொள்ள விகுதி இல்லை, ஆகவே 'அண்ட்' வேண்டும். (மர்ரேயின் வரையறைப்படி அவ்வாங்கில வாக்கியம் கூட்டு வாக்கியம், எழுவாய் ஒன்றே என்பதால் இன்றைய பாடநூல்கள் பல அதைத் தனி வாக்கியம் என்கின்றன. நான்காம் ஆண்டு மாணவரிடம் இந்தப் பெயர்ச் சண்டையைக் கொண்டு செல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து.)

இந்நாட்டில் தமிழும் ஆங்கிலமும் பள்ளியில் சந்தித்தது மிக முன்பே. 1816இல் தொடங்கிய பினாங்கு பிரீ ஸ்கூலில் அவ்வாண்டே தமிழ் வகுப்பும் இருந்தது. மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை அதிலிருந்தே கணக்கிடுகிறோம். தோட்டப்பள்ளிகளின் கதையோ வேறு. மலாயும் ஆங்கிலமும் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று ரசாக் அறிக்கை 1956இல் பரிந்துரைத்தது. ஆயினும் என் தலைமுறையினர் மூன்றாம் ஆண்டில்தான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினோம். 2003இல் அது முதலாம் ஆண்டுக்கு வந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் பதிப்பகத்தின் 'சூப்பர் மைண்ட்ஸ்' நூல் வந்தது. கேட்டலும் பேசலும் முன்னிற்கும் அம்முறை நல்லதே. ஆனால் 'அண்ட்' ஏன் வேண்டும் என்று நம் பிள்ளைக்குச் சொல்ல, உலகம் முழுமைக்கும் எழுதிய நூலால் இயலாது. அதனை நாம்தாம் சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குத் தமிழ் இலக்கணத்தையும் ஆங்கிலம் கற்பிக்கும் முறையையும் தனித்தனி அறைகளில்தான் சொல்லித் தந்தார்கள். இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுதிப் பார்த்தது பணிக்கு வந்த பின்னரே.

நான் கையாளும் வழி எளியது. முதலில் நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்வேன். 'நான் பள்ளிக்கு வந்து, ஆசிரியர் பாடம் தொடங்கினார்' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. 'நான் வந்ததும்' என்றே சொல்லும். எழுவாய் மாறுவதை அதன் செவி உணர்ந்திருக்கிறது. தொல்காப்பிய விதியைப் படிக்காமலேயே அது கடைப்பிடிக்கிறது! பிறகு ஒரே கேள்வி: செய்தவர் ஒருவரா, இருவரா? ஒருவராயின் ஆங்கிலத்தில் எழுவாயை ஒருமுறை எழுதி, கடைசி வினைக்குமுன் 'அண்ட்' போடலாம். இருவராயின் இரண்டாவது எழுவாயையும் எழுதியே ஆக வேண்டும். நடுவில் 'அண்ட்', 'பட்', 'ஆர்', 'சோ' ஆகியவற்றுள் பொருளுக்கு ஏற்ற ஒன்று வர வேண்டும். வெறும் காற்புள்ளி போதாது. மலாய் வகுப்பில் 'ஆயாட் துங்கால்', 'ஆயாட் மஜ்முக்' படிக்கும்போதும் இதே கேள்வி கைகொடுக்கும். அங்கே 'டான்', 'தெதாபி' வரும், அவ்வளவே.

பெற்றோர் வீட்டில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். இரவு உணவின்போது அன்றைய நிகழ்ச்சியைப் பிள்ளை நீண்ட தமிழ் வாக்கியத்தில் சொல்லட்டும். எச்சங்களை அடுக்கி, இடையில் அறுந்துபோகாமல் முற்றில் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்த பிள்ளைக்கு எழுவாயைத் தொலைக்காமல் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. இரண்டு சொல்லில் விடையளித்துப் பழகிய பிள்ளைக்குத்தான் எந்த மொழியிலும் கூட்டு வாக்கியம் கடினமாகிறது; என் வகுப்பில் நான் காண்பது இதுவே.

'நேற்று வந்த பையன்' என்னும் பெயரெச்சத்தை ஆங்கிலத்தில் 'ஹூ' போட்டு எழுதும் சிக்கல் தனிக்கதை. மர்ரேயின் இரண்டு வகைகளை மோரெல் மூன்றாக்கியது அந்த இடத்தில்தான் நமக்குப் பயன்படும். அதைப் பிறிதொரு நாள் எழுதுகிறேன்.