சோழர் ஆட்சியமைப்பிற் கணக்கும் பொறுப்பும்

ஓர் அரசின் பெருமையை அதன் படைவலி கொண்டே அளவிடுதல் வரலாறு கற்போரிடைப் பெருவழக்கு. முதலாம் இராசராசனும் (985–1014) அவன் மகன் இராசேந்திரனும் ஈழமும் கடாரமும் கொண்ட செய்தியை மெய்க்கீர்த்திகள் விரித்துரைக்கின்றன. ஆயின் வாளாற் கொண்ட நிலத்தை வாளால் மட்டும் நெடுங்காலம் ஆளுதல் இயலாது. சோழப் பேரரசைத் தாங்கி நின்றவை இரண்டு: அரண்மனையிற் பேணப்பட்ட வரிக்கணக்கு ஒன்று, தன் கணக்கைத் தானே காட்டக் கடமைப்பட்ட ஊரவை மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று பிணித்து நின்ற வரையில் அரசு நிலைத்தது என்க.

சோழர் தம் நாட்டை மண்டலங்களாகவும், மண்டலங்களை வளநாடுகளாகவும், வளநாடுகளை நாடு அல்லது கூற்றங்களாகவும் வகுத்தனர். இவற்றின் அடியில் ஊர்கள் அமைந்தன. வளநாடு என்னும் பிரிவு இராசராசன் காலத்தெழுந்தது. அதற்கு அவன் விருதுப் பெயர்களே சூட்டப்பட்டன. 993ஆம் ஆண்டளவில் ஈழத்தின் வடபகுதி வெல்லப்பட்டபோது இவ்வமைப்பு இங்கும் பரவிற்று. ஈழம் மும்முடிச்சோழ மண்டலமாயிற்று. மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றும் வரை இந்நிலை நீடித்தது.

இராசராசன் ஆட்சியின் நடுப்பகுதியில் நாடெங்கும் நிலம் அளக்கப்பட்டது. வேலியின் மிக நுண்ணிய பின்னங்களையும் விடாது குறித்த அவ்வளவையே வரிக்கு அடிப்படையாயிற்று. அதனைப் பேணியது புரவுவரித் திணைக்களம். அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை என்னும் அதிகாரி எழுதினான். திருமந்திர ஓலை நாயகம் அதனை ஒப்புநோக்கினான். பின்னர்த் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்திற் பதிந்தனர். ஓர் ஆணை பலர் கைப்பட்டே வெளிப்போந்தது. எனவே அதனை ஒருவன் தனித்து மாற்றுதல் அரிதாயிற்று.

இம்முறையை ஆனைமங்கலச் செப்பேடுகள் தெளிவாகக் காட்டுகின்றன. சிறீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். சைவனாகிய அரசன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் வழங்கியமை போற்றற்குரியது. ஆட்சிமுறை ஆராய்வோர்க்கோ வேறொன்று புலப்படும். ஆணை நாட்டார்க்கும், பிரமதேயத்தார்க்கும், ஊரார்க்கும், நகரத்தார்க்கும் விடுக்கப்பட்டது. நாட்டார் அதனை எதிர்கொண்டு தலைமேற்கொண்டு, பெண்யானையை எல்லை நெடுகச் செலுத்தி, கல்லுங் கள்ளியும் நாட்டிய பின்னரே கொடை நிறைவெய்தியது. மன்னன் ஆணையும் மக்கள் அவையின் செயலின்றி முற்றுப்பெறவில்லை.

அவ்வவைகளின் ஒழுங்கினை அறிதற்கு முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் துணைசெய்கின்றன. அரச அதிகாரி உடனிருக்க அவ்வூர்ச் சபையார் 919இல் வாரியத் தேர்வுக்கு விதிகள் வகுத்தனர். இரண்டாண்டுகளில், 921இல், அவற்றைத் திருத்தினர். ஊரின் முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட அகவை, வேதப்பயிற்சி ஆகியன தகுதிகளாம். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்வுக்கு உரியனல்லன்; அவன் மகனும் மருமகனும் மாமனும் உள்ளிட்ட நெருங்கிய சுற்றத்தாரும் விலக்கப்பட்டனர். பொதுப்பொருளைக் கையாண்டவன் கணக்கொளித்தால் அப்பழி குடும்பத்தையே சாரும் என்பதே இவ்விதியின் உட்கிடை.

இதுகொண்டு அக்காலத்து நிறைந்த குடியாட்சி நிலவியதெனக் கூறுவார் உளர். அக்கூற்று ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. உத்தரமேரூர்ச் சபை நிலமுடைய அந்தணர் அவை. உழுத கூலியாளர்க்கும் பெண்டிர்க்கும் அங்கே ஓலையில்லை. வரிச்சுமையும் இலேசானதன்று, இறை செலுத்தாதார் நிலத்தை ஊரார் விற்றுவிடுமாறு 1009இல் இராசராசன் பிறப்பித்த ஆணை உக்கல் கல்வெட்டிற் காணப்படுகின்றது. ஆகவே நாம் போற்றத்தக்கது அவ்வமைப்பு முழுதுமன்று. பதவி வகித்தவன் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்ற கோட்பாடேயாம்.

பிற்காலச் சோழரின் வீழ்ச்சியும் இதனையே வலியுறுத்துகின்றது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தும் அதன் பின்னும் குறுநிலத் தலைவர் தம்முள் உடன்படிக்கை செய்து அவற்றைக் கல்லில் வெட்டுவிக்கலாயினர். ஊர்க்கும் அரசனுக்கும் இடையே அவர்தம் அதிகாரம் ஓங்கிற்று. மூன்றாம் இராசராசனை 1231 அளவிற் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்திற் சிறைவைத்தான். 1279 அளவிற் சோழராட்சி மறைந்தது. பாண்டியரின் எழுச்சி புறக்காரணமாயின், நடுவரசுக்கும் ஊரவைக்கும் இடையிலிருந்த பிணைப்புத் தளர்ந்தமை அகக்காரணமாம்.

புரவுவரித் திணைக்களம் அழிந்து பல நூற்றாண்டுகள் கடந்தன. எனினும் திணைக்களம் என்னுஞ் சொல் ஈழத்தமிழர் வழக்கில் இன்றும் அரச அலுவலகங்களின் பெயராய் வாழ்கின்றது. சொல்லைப் பேணிய நாம் அதனோடு பிறந்த பொறுப்பையும் பேணுதல் வேண்டும். கணக்குக் காட்டாதவன் பதவிக்கு உரியனல்லன் என ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஓர் ஊரார் கல்லில் எழுதிய விதி, எக்காலத்து ஆட்சிக்கும் உரைகல்லாகத்தக்கது.