பெட்டிசம் எழுதியவரும் கணினி முகவரும்



"நமக்குக் கோடிங் தெரியாதே சேர், இந்த ஏஐ எதற்கு?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். பதில் சொல்லப் பழைய கதைக்குத்தான் போக வேண்டும்.

வன்னியில் நம்மில் பலர் கந்தோருக்குப் போகும் கடிதத்தைத் தம் கையால் எழுதியதில்லை. கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுபவர் இருப்பார். நாம் சொல்வோம், அவர் எழுதுவார்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் காணி உறுதியைக்கூட எடுக்காமல் போனவர்கள் நம்மில் உண்டு. புத்தளத்து முகாம்களில் படிவங்களை யார் யாரோ நிரப்பினார்கள், காதில் விழுந்தபடி. ஒரே மனிதர் ஓர் இடத்தில் 'முகம்மது', இன்னோர் இடத்தில் 'முஹம்மத்', மற்றொன்றில் 'மொஹமட்'. 2009க்குப் பிறகு திரும்பி வந்து காணி கேட்டபோது, மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க அலைந்தோம்.

பிறகு போட்டோகொப்பிக் கடைத் தம்பிமார் பாமினியில் டைப் செய்து தந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்!

2024 ஒக்டோபரில் அந்த்ரோபிக் நிறுவனம், திரையைப் பார்த்து மவுஸை நகர்த்தித் தட்டச்சும் செய்யும் ஆற்றலைத் தன் 'க்ளோட்'டுக்குச் சோதனையாகத் தந்தது. 2025 ஜனவரியில் ஓபன்ஏஐயின் 'ஒப்பரேட்டர்' வந்தது. இன்று கோப்புறையைக் காட்டி, பேச்சுவழக்கில் வேலை சொன்னாலே போதும்.

அண்மையில் சில குடும்பங்களின் பத்திரப் படங்களைக் கொடுத்து, வாசித்து அட்டவணை போடச் சொன்னோம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. ஆனால் மூன்று எழுத்துக்கூட்டலையும் நம்மிடம் கேளாமலே ஒன்றாகத் 'திருத்தி' வைத்திருந்தது. பார்க்க அழகுதான். அப்படியே கொடுத்திருந்தால், எந்தப் பத்திரத்தில் எந்தப் பெயர் என்ற தடயமே போயிருக்கும். பெட்டிசக்காரராவது "இது சரியா?" என்று வாசித்துக் காட்டுவார்.

மறுபடி சொன்னோம்: உள்ளதை உள்ளபடி எழுது, வேறுபாட்டைத் தனி நிரலில் குறி, மூலப் படங்களைத் தொடாதே. இம்முறை சரியாக வந்தது.

இன்னொன்று. இந்தப் படங்கள் நமது கணினியோடு நிற்பதில்லை, வெளிநாட்டு நிறுவனத்தின் சேவர் வரை போகின்றன. அதனால் சம்மதித்தவர்களுடையதை மட்டுமே கொடுத்தோம். மறுத்த குடும்பங்களுக்குக் கையாலேயே எழுதினோம், இரண்டு இரவு பிடித்தது.

மீதி வேலை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின். பத்திரத்தோடு வாருங்கள், வாப்பா உம்மாவையும் கூட்டி வாருங்கள். அவர்கள் தங்கள் பெயரை வாசித்துப் பார்த்து "ஓம்" என்ற பிறகே பிரிண்ட் எடுப்போம்.