பெட்டியைத் தொலைத்த பேச்சு

"டிபிடி முடிஞ்சவங்க கையெழுத்துப் போட்டுட்டு மேல ஏறுங்கப்பா!"

பெரிய கட்டுமானத் தளங்களில் காலையில் கேட்கிற குரல் இது. வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளர் தம் ஆட்களை நிறுத்தி, எங்கே பள்ளம் திறந்து கிடக்கிறது, எந்தச் சாரத்தில் ஏறக்கூடாது, கிரேன் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஐந்து பத்து நிமிடம் பேசுவார். டூல்பாக்ஸ் டாக் என்பதுதான் டிபிடி என்று சுருங்கியிருக்கிறது. சிங்கப்பூர் போய் வந்தவர்கள் டூல்பாக்ஸ் மீட்டிங் என்பார்கள். தமிழாக்கச் சொன்னால் பலர் 'கருவிப்பெட்டிப் பேச்சு' என்று எழுதிவிடுவார்கள். கேட்கிற சித்தாளுக்கு அது சுத்தியலையும் உளியையும் பற்றிய பேச்சாகத்தான் படும்.

இங்கே பெட்டி என்பது கூடும் இடம். கருவி எடுக்க எல்லோரும் அங்கே வந்துதான் ஆகவேண்டும். வந்த இடத்திலேயே பேச்சும் முடிந்துவிடும். அமெரிக்காவில் இதையே டெயில்கேட் மீட்டிங் என்றும் சொல்கிறார்கள். டெயில்கேட் என்பது பிக்கப் வண்டியின் பின்புறம் கீழே மடங்குகிற கதவு. மின்கம்பி வேலைக்காரர்களிடம் அது டெயில்போர்டு, அதாவது பின்பலகை. கலிபோர்னியாவின் கட்டுமானப் பாதுகாப்பு விதி 1509, டூல்பாக்ஸ், டெயில்கேட் என்ற இரண்டு பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, 10 வேலைநாளுக்கு ஒரு முறையாவது இந்தக் கூட்டத்தை நடத்தச் சொல்கிறது. தளத்துப் பேச்சு அப்படியே சட்டத்துக்குள் ஏறிவிட்டது!

இடத்தின் பெயர் கூட்டத்துக்கு ஆகிவருவது நமக்குப் புதிதில்லை. ஊர்ப் பொதுவிடமாக, மரத்தடியாக இருந்த மன்றம்தான் சட்டமன்றமும் நீதிமன்றமும் ஆயிற்று. திண்ணையில் நடந்ததால் திண்ணைப் பள்ளிக்கூடம். நீதிபதிகள் அமர்ந்த பெஞ்சு நீதிபதிகளையே குறிக்கிறது. போர்டும் அப்படித்தான்: கம்பெனி இயக்குநர்களின் போர்டும் லைன்மேனின் டெயில்போர்டும் பிறப்பால் ஒரே பலகை. பலகையைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் சம்பளத்தில்தான் வித்தியாசம்.

ஜப்பானியர் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி டிபிஎம் என்று வைத்துக்கொண்டார்கள். அதோடு தங்கள் சொல் ஒன்றையும் சேர்த்தார்கள்: கிக்கென் யோச்சி, ஆபத்தை முன்னறிதல். சுமித்தோமோ உலோக நிறுவனத்தில் 1974இல் உருவான பயிற்சி அது. இதில் மேஸ்திரி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. இன்றைக்கு எது சரியும், எது வழுக்கும் என்று வேலையாட்களே வாய் திறந்து சொல்லவேண்டும்.

நம் தளங்களில் சொல் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. பேசியதற்குச் சான்றாக ஒரு பதிவேடு உண்டு: தேதி, தலைப்பு, பேசியவர் பெயர், வந்தவர்களின் கையெழுத்து. அலுவலகத்தில் "டிபிடி எங்கே?" என்று கேட்டால் அந்த நோட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பெட்டி பேச்சாயிற்று, பேச்சு நோட்டாயிற்று. தலைப்புக் கட்டத்தில் வாரம் முழுக்க 'ஹெல்மெட்' என்றே எழுதியிருக்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழில் பேசி, அவர்கள் கைநாட்டையும் வாங்கியிருப்பார்கள். யாராவது விழுந்துவிட்டால் முதலில் தேடப்படுவதும் அந்த நோட்டுதான். ஆகவே அதை எழுதுகிறவர் தொழிலாளியைவிட விசாரணைக்கு வரப்போகிறவரை நினைத்துக்கொண்டே எழுதுகிறார். நோட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேற்று என்ன பேசினோம் என்று தெரிந்தால்தானே இன்று புதிதாகப் பேசலாம்.

தமிழில் பெயர் வேண்டுமென்றால் 'வேலைமுன் பேச்சு' போதும், இரவு ஷிப்டுக்கும் பொருந்தும். பெட்டியைத் தூக்கிவர வேண்டியதில்லை. பதிவேடு அச்சடிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கையெழுத்துக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஆள் சொன்ன ஆபத்து' என்று இன்னொரு கட்டமும் போடுங்கள்.